பதினாறு டிகிரி

ஏசி கெட்டது குளிர்காலத்தின் நடுவிலா, முடிவிலா என்று எனக்கு இப்போது உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. அக்கா ஏதோ ஒரு மாதத்தின் பெயரைச் சொல்கிறாள். மாமாவைக் கேட்டால் பேச்சை மாற்றுகிறார். அந்த வருடம் குளிரே வரவில்லை என்பது மட்டும் மூவருக்கும் நினைவிருக்கிறது.

அக்காவும் மாமாவும் உயர்ரகக் கம்பளி ஸ்வெட்டர் நிறுவனம் நடத்திவந்தார்கள். மாடியில் பின்னல் மெஷின்கள், கீழே கடையும் அலுவலகமும். லேபிள் தைப்பதும் தரம் பார்ப்பதும் என் வேலை. கடைக்குள் நுழைகிறவர்களுக்கு ஸ்வெட்டர் மேல் ஆசை வரவேண்டுமென்று மாமா ஏசியைப் பதினாறு டிகிரியில் வைத்திருப்பார். வந்தவர்கள் கொஞ்ச நேரம் நடுங்கிவிட்டுப் போய்விடுவார்கள். வருடம் முழுக்க அதற்குள் உட்கார்ந்திருந்தது நாங்கள்தான். அடுத்த பருவத்துக்கு எவ்வளவு தடிமனான நூல் வேண்டும் என்பதையும் அங்கேயே, மூக்கை உறிஞ்சிக்கொண்டே முடிவு செய்வோம். இந்த வருடம் குளிர் வெளுத்து வாங்கப்போகிறது என்று மாமா உள்ளங்கைகளைத் தேய்ப்பார். கண்ணாடிக்கு வெளியே ஜனங்கள் அரைக்கைச் சட்டையில் போய்க்கொண்டிருப்பார்கள்.

உலகம் எங்கள் கடைக்குள் உட்கார்ந்து யோசிக்கவில்லை. நூல் விலை ஏறியது. சரக்கு போகும் நாட்டில் இறக்குமதி வரியைக் கூட்டினார்கள். எங்கள் சரக்கில் பாதியை வழக்கமாக வாங்கும் பெரிய கடை, வெயிலைக் காரணம் காட்டி ஆர்டரை ரத்து செய்தது. பின்னறையில் ஸ்வெட்டர்கள் கூரையைத் தொட்டன. கோடைக்குள் அவை போகாவிட்டால் கடனுக்காக வங்கி மெஷின்களைத் தூக்கிக்கொண்டு போய்விடும்.

தள்ளுபடி போடலாம் என்றாள் அக்கா. தன் அம்மாவைப் பற்றி யாரோ தப்பாகப் பேசியதுபோல மாமா பார்த்தார். விற்காததைப் பிரித்து மறுபடி நூலாக்குவாரே தவிர விலையைக் குறைக்கமாட்டார். இரண்டு நாள் வீட்டில் கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு ஏசி நின்றது.

மெக்கானிக் வருவதற்குள் கடை அடுப்பாகிவிட்டது. கழுத்துவரை மூடிய ஸ்வெட்டரை மாமா கழற்றவில்லை. கழற்றினால் தோல்வியை ஒப்புக்கொண்டதாகிவிடும். மூக்கு நுனியிலிருந்து வியர்வை மேஜையில் சொட்டியது. மெக்கானிக் ஏணியிலிருந்தபடியே அவரைப் பார்த்தார்.

"சாருக்கு உடம்புக்கு ஏதாவதாம்மா?"

"உடம்பு நல்லாத்தாங்க இருக்கு. கொள்கைதான் காய்ச்சல்ல கிடக்கு," என்றாள் அக்கா.

மெக்கானிக் சிரித்துவிட்டு, காலையில் தான் வேலை பார்த்த இறைச்சிக் குளிர்க்கிடங்கைப் பற்றிச் சொன்னார். அங்கே ஆட்கள் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று சட்டை போட்டுக்கொண்டு கையைத் தூக்க முடியாமல் பெட்டி தூக்குகிறார்களாம். அக்கா அலமாரியிலிருந்து ஒரு ஸ்வெட்டரை உருவிக்கொண்டு அப்படியே அந்தக் கிடங்குக்குக் கிளம்பினாள். திரும்பி வந்தபோது எல்லாச் சரக்குக்கும் ஆள் கிடைத்திருந்தது, பாதி விலைக்கு.

"இறைச்சி மூட்டை தூக்குறவனுக்கா நம்ம ஸ்வெட்டர்? நம்ம பேர் என்னத்துக்கு ஆகும்?" என்றார் மாமா.

"மெஷின் போனப்புறம் அந்தப் பேரை எதுலங்க பின்னுவீங்க? ஊர்லயே குளிர்ற இடம் அது ஒண்ணுதான். இன்னொண்ணு இங்க இருந்துச்சு, அதுவும் கெட்டுப்போச்சு."

மாமா ஸ்வெட்டரைக் கழற்றினார். லேபிளை மட்டும் வெட்டிவிட்டுக் கொடுங்கள் என்றார். நான் உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்தேன்.

சரக்கெடுக்க வந்த கிடங்கு மேஸ்திரி கழுத்துப் பட்டியைப் புரட்டிப் பார்த்தார். "பேர் எங்கப்பா? பசங்க அதுக்காகத்தான் அடிச்சுக்கிறாங்க. வெளியில தெரியற மாதிரி தைங்க."

எல்லாவற்றையும் மறுபடி தைத்தேன், இந்த முறை நெஞ்சுக்கு மேல். மாமா தள்ளி நின்று பார்த்தார். கடைசியில் பொறுக்காமல் கிட்டே வந்தார்.

"கோணலா இருக்குடா. பிரிச்சுத் தை."

மெஷின்கள் மாடியிலேயே இருக்கின்றன. ஆர்டரை ரத்து செய்த பெரிய கடை மூடப்பட்டது. நன்றிக்காக மெக்கானிக்குக் கொடுத்த ஸ்வெட்டரை, இந்த வெயிலில் எங்கே போடுவது என்று அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். அக்கா கடையில் ஏசிக்குப் பதிலாக மின்விசிறி மாட்டிவிட்டாள். மாமா நூலின் தடிமனை இப்போது குளிர்க்கிடங்குக்குள் நின்று முடிவு செய்கிறார். நான் லேபிள் தைக்கிறேன்.