ஐலீன் ஹார்கரின் ஏழு வருடங்கள்

ஐலீன் ஹார்கர் நான்கு கவிதைப் புத்தகங்கள் எழுதியவர் என்பது, டார்ம்ஸ்டாட் மாலை வகுப்பில் மூன்றாம் மாதம்தான் வேதவல்லிக்குத் தெரிய வந்தது. அதுவரை அவர் பக்கத்துக் கதிரையில் இருந்து ஜேர்மன் பாடத்தோடு மல்லுக்கட்டும் ஓர் இங்கிலாந்துக்காரி, அவ்வளவுதான். ஐம்பத்து மூன்று வயதுக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேதவல்லிக்கு வாய் வராது. "ஐலீன் அக்கா" என்றாள். அப்படியென்றால் என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்ட ஐலீன், அதன்பிறகு வேறெப்படிக் கூப்பிட்டாலும் அரைமனதோடுதான் திரும்பினார்.

"கவிஞரெண்டால் இஞ்ச ஏன் எங்களோட கிடந்து மாயுறா?" என்றான் பின்னாலிருந்த சிறீதரன். உணவகமொன்றில் கோப்பை கழுவிவிட்டு நேரே வகுப்புக்கு வருகிறவன். "புத்தகம் விக்கேல்லப் போல."

"சும்மா இருங்கோ அண்ணை. அவவுக்கு விளங்கும்."

"தமிழுமோ?"

"உங்கட முகம் விளங்கும்."

1993 ஒக்டோபரில் ஐலீன் ஓர் அறிவித்தலைக் கொண்டுவந்தார். மலையடிவாரத்துச் சிறு நகரமொன்று, இருந்து எழுதுவதற்கென ஒரு கவிஞருக்கு ஒரு வருடம் வீடு கொடுக்கிறது. விண்ணப்பத்தோடு லேபன்ஸ்லௌஃப், அதாவது வாழ்க்கைக் குறிப்பு, ஜேர்மனில் வேண்டும். ஐலீனை இந்த நாட்டுக்குக் கூட்டிவந்த ஜேர்மன்காரர் விட்டுப் போய் இரண்டு வருடம். இப்போதிருக்கும் அறையை பெப்ரவரி முடிவில் காலிசெய்ய வேண்டும். பிறகு இங்கிலாந்தில், கிரிம்ஸ்பியில் தங்கை வீட்டுப் பின்னறைதான் கதி.

"அந்த அறைக்குப் போனால் நான் எழுத மாட்டேன்," என்றார் ஐலீன் ஆங்கிலத்தில். "என்னை எனக்குத் தெரியும்."

வேதவல்லி அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு எழுதத் தொடங்கினாள். 1940இல் பிறப்பு. இருபத்து நாலு வயதில் முதற் புத்தகம், பத்திரிகைகள் கொண்டாடின. 1969இல் இரண்டாவது. 1977இல் மூன்றாவது. அடுத்தது 1986இல்.

"நடுவில்?"

"1978இலிருந்து ஏழு வருடம் ஒன்றும் எழுதவில்லை. விட்டுவிடு."

வேதவல்லிக்குக் கை ஓடவில்லை. அவளுடைய அகதி விசாரணையில் அதிகாரி ஒரு விரலைத் தாளில் ஊன்றி, கொழும்புக்கும் பிராங்பேர்ட்டுக்கும் இடையில் நான்கு மாதங்கள் எங்கே என்று கேட்டார். நீர்கொழும்பில் ஓர் அறைக்குள் சும்மா இருந்தேன் என்றாள். சும்மா இருந்ததை அவர் நம்பவில்லை. முக்கால் மணிநேரம் அந்த விரல் எழும்பவேயில்லை. நான்கு மாதத்துக்கே அப்படியென்றால் ஏழு வருடத்துக்கு?

நடுவில் இருந்தது என்னவென்று அவளுக்குத் தெரியும். ட்ராம் நிறுத்தத்தில் ஒரு மழை நாளில் ஐலீனே சொல்லியிருந்தார். கணவர் டாம் பக்கவாதத்தில் விழுந்தார். ஐலீன் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலைக்குப் போய் அவரைப் பராமரித்தார். "இது யாருக்கும் தெரியாது. பாவம் பார்த்து ஒருவரும் என் புத்தகத்தை வாங்கக் கூடாது," என்றும் சொல்லியிருந்தார்.

வேதவல்லி இரண்டு தரம் தட்டெழுதிக் கிழித்தாள். மூன்றாம் தரம் எல்லாவற்றையும் போட்டாள். சலவைக்கூடம், டாமின் நோய், மாதம், ஆண்டு. போதாதென்று, ரோட்டர்டாமுக்குக் கப்பலில் வந்து எந்த எல்லையால் ஜேர்மனிக்குள் நுழைந்தார் என்பதையும் சேர்த்தாள்.

"எவ்வளவு நீளம்!" என்றார் ஐலீன்.

"இங்கே அப்படித்தான் அக்கா."

ஐலீன் வாசிக்காமலே ஒப்பமிட்டார்.

டிசம்பரில் நேர்முகத்துக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. ஜேர்மன் பேசத் துணையாக வேதவல்லியும் போனாள். நகர மண்டபத்தில் ஓய்வுபெற்ற பாதிரியார் ஒருவரும் புத்தகக் கடைக்காரப் பெண் ஒருவரும் இருந்தார்கள்.

"பதினொரு பேர் விண்ணப்பித்தார்கள்," என்றார் பாதிரியார். "பத்துப் பேர் புத்தகப் பட்டியலோடு அரைப் பக்கம் அனுப்பினார்கள். எல்லையை எப்படிக் கடந்தேன் என்று எழுதியவர் நீங்கள் ஒருவர்தான்."

வேதவல்லிக்குக் காது சுட்டது. இங்கே யாரும் அதைக் கேட்கவேயில்லை. கேட்டதெல்லாம் அவளுடைய விசாரணையில்தான்.

கடைக்காரப் பெண் ஆங்கிலத்துக்கு மாறினாள். "ஏழு வருடம் சலவைக்கூடத்திலா?"

ஐலீன் மெல்லத் திரும்பி வேதவல்லியைப் பார்த்தார். வேதவல்லி தன் சப்பாத்தைப் பார்த்தாள்.

"ஓம்," என்றார் ஐலீன், கடைசியில். ஈரப் படுக்கைவிரிப்பு ஆளை இழுத்து விழுத்தும் என்றார். மடிக்க இரண்டு பேர் வேண்டும், கிட்ட வந்து, விலகி, மறுபடி கிட்ட வந்து. எதிரே நின்ற பெண்ணோடு ஏழு வருடமும் பேசியதேயில்லை, இயந்திர இரைச்சல். வீட்டுக்குப் போய் டாமைப் புரட்டும்போதும் கை அதே கணக்கில்தான் போகும். "வேலையில் வெட்கமில்லை. அத்தனை நாளில் ஒரு வரிகூட வரவில்லை, அதுதான்."

பாதிரியார் எதையோ எழுதப் போய், பேனையை வைத்துவிட்டார்.

திரும்பும் ரயிலில் ஐலீன் சொன்னார்: "நீ என்னைக் கேட்டிருக்க வேண்டும்."

"கேட்டால் வேண்டாம் என்றிருப்பீர்கள்."

"அதற்காகத்தான் கேட்க வேண்டும்."

அடுத்த வகுப்பிலிருந்து ஐலீன் ஜன்னல் பக்கம் போய் இருந்தார்.

"என்ன, அக்காவும் தங்கச்சியும் கோவமோ?" என்று சிறீதரன் கேட்டான். வேதவல்லியின் கண்ணைப் பார்த்ததும், "சரி, நான் ஒண்டும் கேக்கேல்ல," என்று புத்தகத்தை விரித்தான்.

ஜனவரி நடுவில் ஐலீன் பழைய கதிரைக்கு வந்தார். ஒரு கடிதத்தை வேதவல்லியின் முன்னால் வைத்தார். மார்ச் முதலாம் தேதியிலிருந்து வீடு அவருக்கு. வேதவல்லி கடிதத்தை வாசித்து முடித்தும் நிமிரவில்லை.

"கோபம் போய்விட்டதா அக்கா?"

"பாதி."

ஐலீன் பையிலிருந்து லேபன்ஸ்லௌஃப் பிரதியை எடுத்தார். தாள் முழுக்கப் பென்சில் குறிகள். அகராதியோடு இருந்து ஒவ்வொரு சொல்லாக வாசித்திருக்கிறார்.

"1985 செப்டம்பரோடு டாமை முடித்துவிட்டு, ஒக்டோபரில் என்னைக் கவிதை எழுத வைத்திருக்கிறாய். அவன் நவம்பர் வரை உயிரோடு இருந்தான்."

"ஐயோ, மன்னியுங்கள் அக்கா."

"அந்த இரண்டு மாதமும் நான் எங்கேயும் போகவில்லை. சரியாகப் போடு."

வேதவல்லி வெள்ளைத்தாள் எடுத்துக் கோடு போட்டாள். "சலவைக்கூடமா, வீடா?"

"வீடு," என்றார் ஐலீன். "அவன் பக்கத்தில். சும்மா இருந்தேன் என்று எழுது."