அழுதால் எரியும் விளக்கு

தொட்டிலுக்குள் கிடந்த செல்போன் வீறிட்டு அழுதது.

செல்வமணி சத்தத்தை முழுசாகக் கூட்டிவைத்துவிட்டு அடுப்பங்கரைக்கு ஓடினாள். அண்ணாந்து பார்த்தாள்.

விளக்கு மினுங்கவில்லை.

திரும்ப ஓடிவந்து போனைத் தொட்டில் கம்பியில் ஒட்டியிருந்த வெள்ளைச் சென்சாருக்குப் பக்கத்தில் பிடித்தாள். சுப்ரஜா போன வாரம் அனுப்பிய வீடியோவில் குழந்தை மூச்சு முட்ட அழுதுகொண்டிருந்தது. "கேளேன்! காதுல என்ன பஞ்சா வச்சிருக்கு உனக்கு?" என்று சென்சாரிடம் சீறினாள். மறுபடி அடுப்பங்கரை. மறுபடி அதே இருட்டு பல்பு.

வாசலில் நின்ற தம்பி செந்தூர்பாண்டி கையைத் தட்டினான். திரும்பிப் பார்த்தாள். ஹாண்டில்பாரை முறுக்குவதுபோல் அவன் விரல்கள் சைகை காட்டின.

ஆட்டோ தெருமுனையில் திரும்பிவிட்டது!

அந்த ஆட்டோவில்தான் வருகிறார்கள் அவன் மனைவி சுப்ரஜாவும், ஐந்து மாதக் குழந்தையும், மாமியார் சுடலைவடிவும்.

செந்தூர்பாண்டிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. சுப்ரஜாவுக்கும் அப்படித்தான். இரண்டு பேரும் பாளையங்கோட்டையில் ஒரே பள்ளியில் படித்து, சைகையிலேயே சண்டைபோட்டு, சைகையிலேயே காதலித்துக் கல்யாணம் முடித்தவர்கள். அவன் பல் ஆஸ்பத்திரிகளுக்குச் செயற்கைப் பல்செட் செய்து கொடுக்கிறான். அவனுடைய கைக்கு நெல்லையில் நல்ல பெயர். குறையென்று எதுவும் இருந்ததில்லை, குழந்தை பிறக்கும்வரை.

தலைப்பிரசவத்துக்குச் சீவலப்பேரிக்குப் போனவளை மூன்றாம் மாதமே புகுந்த வீட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டும். சுடலைவடிவு அனுப்பவில்லை. "ரெண்டு பேருக்கும் காது கேக்காது. பிள்ள அழுதா யாரு கேப்பா?" என்று ஒரே கேள்வி. இப்போது ஐந்தாம் மாதமும் முடியப்போகிறது. ஆறாம் மாதம் இரட்டைப்படை, அதில் பிள்ளையை வழியனுப்ப மாட்டார்கள். இன்றைக்குத் தவறினால் ஏழாம் மாதம்தான். அப்போதும் அனுப்புவாள் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

பிள்ளை அழுதால் யார் கேட்பது என்ற கேள்விக்குப் பதிலைத்தான் செல்வமணி கடைகடையாகத் தேடிக்கொண்டிருந்தாள். கேமரா மாட்டும் கம்பெனி ஒன்றில் புகார் எடுக்கும் வேலை அவளுக்கு. அந்தத் தைரியத்தில் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தாள். அழுகைச் சத்தம் கேட்டால் சொல்லும் சென்சார் ஒரு கம்பெனி. மினுங்கும் பல்புகள் இன்னொரு கம்பெனி. தலையணைக்கு அடியில் வைக்கிற அதிரும் வட்டு, அதை முடுக்கிவிடும் பிளக் மூன்றாவது கம்பெனி. எல்லாம் ஜிக்பீ என்ற ஒரே வயரில்லா பாஷை பேசும் என்று அட்டையில் போட்டிருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் மூன்றும் பங்காளிச் சண்டைக்காரர்கள் மாதிரி ஒன்றோடொன்று முகம் கொடுக்கவில்லை. நடுவில் உட்கார்ந்து பேச்சுவார்த்தை நடத்த ஒரு நாட்டாமை தேவைப்பட்டது. அந்த நாட்டாமைக்குப் பெயர் ஹப்.

முதலில் வாங்கிய ஹப் பார்க்க அழகு. போனில் கலர்கலராகப் படம் காட்டியது. நேற்று முன்தினம் சாயங்காலம் ஒரு தூறல் விழுந்து இண்டர்நெட் போனது. அவ்வளவுதான், ஹப் ஊமையாகிவிட்டது. அழுகைச் செய்தி எந்த நாட்டு கம்ப்யூட்டருக்கோ போய்த் திரும்பி வந்தால்தான் பக்கத்து அறை விளக்கு எரியுமாம்! செல்வமணி அதைத் தூக்கிக்கொண்டு ஜங்ஷனில் ஜாஸ்பர் அண்ணாச்சி கடைக்குப் போனாள்.

"அண்ணாச்சி, இது வேண்டாம். வேற காட்டுங்க."

"ஏம்மா, போன வாரம் இதத்தான வேணும்னு அடம்பிடிச்ச? ஆப்பு அழகா இருக்குன்னியே?"

"ஆப்பு அழகாத்தான் இருக்கு. எனக்குல்லா ஆப்பு வச்சிட்டு! நெட்டு இல்லாம வேல செய்யுத ஹப்பு இருக்கா? எல்லாக் கம்பெனியும் அதுல சேரணும்."

ஜாஸ்பர் பரணில் ஏறி மூன்று பெட்டிகளை இறக்கினார். "இந்தா, இது தன் கம்பெனி சாமானத் தவிர வேற யாரையும் வீட்டுக்குள்ள விடாது. இது எல்லாரையும் சேக்கும், ஆனா நெட்டு இல்லன்னா படுத்துரும். இது மூணாவது. எல்லாரையும் சேக்கும், வீட்டுக்குள்ளயே யோசிச்சு வீட்டுக்குள்ளயே முடிக்கும். ஆனா ஒண்ணு. செட் பண்ணுததுக்குள்ள உனக்குத் தல நரச்சிரும், பாத்துக்க."

"நரச்சா மை அடிச்சுக்கிடுதேன். அதக் கட்டுங்க."

தலை நரைக்கத்தான் இருந்தது. ஆனாலும் இன்று காலையில் எல்லாம் ஒத்துவந்தது. அழுகைக்கு அடுப்பங்கரை விளக்கு மினுங்கியது, வேலை அறை விளக்கு மினுங்கியது, வட்டு குறுகுறுவென்று அதிர்ந்தது. செந்தூர்பாண்டி வட்டைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு சிறுபிள்ளைபோல் சிரித்தான்.

காலையில் வேலை செய்தது இப்போது ஏன் செய்யவில்லை?

செல்வமணி சுவரிலிருந்த இண்டர்நெட் பெட்டியைப் பார்த்தாள். சிவப்பு விளக்கு! தெருவில் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்த இயந்திரம் எந்த ஒயரையோ கடித்துத் துப்பியிருந்தது. நெட் போனதால்தானோ என்று ஒரு நொடி நினைத்தாள். அடுத்த நொடி தெளிந்தது. இது நெட்டை நம்பாத ஹப். நெட் போனதால் நின்றிருக்க முடியாது. கோளாறு வேறெங்கோ, வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

எங்கே?

தேட நேரமில்லை. ஆட்டோ வாசலில் நின்றுவிட்டது.

"ஏளா செல்வமணி! ஆரத்தி எல்லாம் அப்புறம் எடு. அந்த மந்திரப் பெட்டிய முதல்ல காட்டு!"

சுடலைவடிவின் குரல் ஆற்றின் அக்கரைக்கே கேட்டிருக்கும். பின்னால் சுப்ரஜா தூங்கும் குழந்தையைத் தோளில் சாய்த்தபடி இறங்கினாள். செந்தூர்பாண்டி ஓடிப்போய்க் குழந்தையை வாங்கி, பூப்போலத் தொட்டிலில் கிடத்தினான்.

"இதா அத்தே, ஹப்பு" என்று கூடத்து மேசைமேல் இருந்ததைச் செல்வமணி காட்டினாள்.

"இதுவா? சோப்பு டப்பா கணக்கா இருக்கு! இதுவா என் பேத்தி அழுகுதத கேக்கப்போவுது?"

"தொட்டில்ல இருக்கது கேக்கும். கேட்டத இதுகிட்ட சொல்லும். இது லைட்டுகிட்ட சொல்லும். லைட்டு மினுங்கும்."

"கோள் மூட்டுத கூட்டமால்லா இருக்கு. சரி, கரண்டு போச்சுன்னா?"

"இன்வெர்ட்டர் இருக்கு."

"நெட்டு போச்சுன்னா?"

"இப்பவே போய்ட்டு அத்தே. பாருங்க, செவப்பு லைட்டு. அதுக்கும் இதுக்கும் சம்மந்தமில்ல."

"வாய் மட்டும் குறைச்சலில்ல." சுடலைவடிவு அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். "கேட்டுக்க. பிள்ள எந்திரிச்சு அழட்டும். அடுப்பங்கரைல லைட்டு வந்துச்சுன்னா, மகளையும் பேத்தியையும் இங்கனயே விட்டுட்டுப் போறேன். வரலன்னா ஏழாம் மாசம் வரைக்கும் யாரும் வாயத் திறக்கப்புடாது. சரியா?"

"சரி" என்றாள் செல்வமணி. வேறு என்ன சொல்வது?

சுடலைவடிவு பையைத் தூக்கிக்கொண்டு படுக்கையறைக்கு நடந்தாள். "அத்தே, காப்பிக்குச் சீனி போடலாமா?" என்று செல்வமணி பின்னாலிருந்து கேட்டாள். பதில் இல்லை. திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டாள். என்ன திமிர்!

சுப்ரஜாவின் கை எதையோ சொல்ல எழுந்தது. பாதியிலேயே தயங்கி, துப்பட்டாவுக்குள் ஒளிந்துகொண்டது.

அதை யோசிக்கச் செல்வமணிக்கு நேரமில்லை. இனி போனை அழவிட்டுச் சோதிக்க முடியாது. தூங்கும் குழந்தை எழுந்துவிடும். அது தானாக எழுவதற்குள் கோளாற்றைப் பிடித்தாக வேண்டும். நடை வழியாக அடுப்பங்கரைக்குப் போனவள் சட்டென்று நின்றாள்.

நடைச்சுவரில் தனியாக மாட்டியிருந்த இன்னொரு பிளக்கின் பச்சைப் பொட்டு எரியவில்லை.

பழைய கொக்கிரகுளத்து வீடு அது. சுவர் ஒன்றரை அடி கனம். தொட்டில் சென்சாரின் மெல்லிய குரல் அந்தச் சுவரைத் தாண்டி ஹப் வரைக்கும் எட்டாது. நடையில் இருக்கும் பிளக்தான் அதை வாங்கிக் கைமாற்றிவிட வேண்டும். யாரோ அதன் சுவிட்சை அணைத்திருந்தார்கள்!

தம்பியை இழுத்துவந்து காட்டினாள். யார் இதைச் செய்தது?

செந்தூர்பாண்டி பெருமையாகத் தன் நெஞ்சைத் தொட்டான். 'நான்தான். விருந்தாளி வருகிறார்கள் என்று வீட்டைப் பெருக்கித் துடைத்தேன். சும்மா கிடந்த சுவிட்சையெல்லாம் அமத்தினேன்' என்றன விரல்கள்.

செல்வமணி தலையில் அடித்துக்கொண்டாள். அவனைக் குற்றம் சொல்ல முடியுமா? சுவிட்சை அணைக்காமல் படி இறங்கினால் பாதி வழியில் திரும்பிவந்து அணைத்துவிட்டுப் போகிற குடும்பம் அது. மேலே எதுவும் மாட்டாத பிளக் எரிந்தால் அவனுக்கு எப்படிப் பொறுக்கும்?

சுவிட்சைத் தட்டினாள். பச்சைப் பொட்டு எரிந்தது. அவன் கை பட்டுவிடாதபடி மருந்துப்பெட்டியிலிருந்து பிளாஸ்திரியைக் கிழித்து அதன்மேல் குறுக்கே ஒட்டினாள். தம்பி உதட்டைக் கடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டான்.

ஆனால் விட்டுப்போன சென்சார் திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளுமா? சில நேரம் உடனே ஒட்டும். சில நேரம் அரைநாள் முரண்டு பிடிக்கும். கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை.

அடுப்பில் பால் பொங்கத் தொடங்கியது. செல்வமணி, செந்தூர்பாண்டி, சுப்ரஜா மூன்று பேரும் பாலைப் பார்க்கவில்லை. அண்ணாந்து பல்பையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். செந்தூர்பாண்டி மனைவியின் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தான். பால் வழிந்து அடுப்பை அணைத்தது. யாரும் அசையவில்லை.

பளிச்!

பளிச்! பளிச்!

விளக்கு மினுங்கியது. மஞ்சளாக, துள்ளித்துள்ளி, நிற்காமல் மினுங்கியது. செந்தூர்பாண்டி தொண்டையிலிருந்து வார்த்தையில்லாத ஒரு கூச்சல் கிளம்பியது. சுப்ரஜா அதற்குள் நடையைத் தாண்டிவிட்டாள். செல்வமணி பின்னாலேயே பறந்தாள்.

"அத்தே! வந்துட்டு! லைட்டு வந்துட்டு!"

படுக்கையறை வாசலில் அவள் கால்கள் நின்றன.

தொட்டிலில் குழந்தை முகம் சிவக்க வீறிட்டுக்கொண்டிருந்தது. தெருவுக்கே கேட்கிற அழுகை. தொட்டிலிலிருந்து ஒரு கை தூரத்தில் சுடலைவடிவு முதுகைக் காட்டியபடி நின்று, பையிலிருந்த குழந்தைத் துணிகளை ஒவ்வொன்றாக மடித்து அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். நிதானமாக. நீவிநீவி.

"அத்தே!"

துணி மடிந்தது. அடுக்கு ஏறியது. முதுகு திரும்பவில்லை.

சுப்ரஜா குழந்தையை வாரித் தோளில் போட்டாள். அவள் நிழல் அலமாரிமேல் விழுந்தபோதுதான் சுடலைவடிவு திரும்பினாள். மகள் தோளில் குழந்தை. வாசலில் செல்வமணி. இரண்டு முகங்களையும் மாறிமாறிப் பார்த்தாள். எல்லாம் புரிந்துவிட்டது அவளுக்கு. அந்தப் பெரிய குரல் முதன்முறையாகத் தணிந்தது.

"ஏளா, அந்தக் கதவச் சாத்து."

செல்வமணி சாத்தினாள். சுடலைவடிவின் முகத்துக்கு நேராக வந்து நின்று, உதடு தெரியும்படி கேட்டாள். "எப்பருந்து அத்தே?"

"போன ஐப்பசி மழையில காய்ச்சல் வந்துச்சுல்லா? அதுலருந்து பைய பைய அடச்சிக்கிட்டே வந்துட்டு. பேசுதவங்க வாயப் பாத்தே சமாளிச்சேன், யாருகிட்டயும் சொல்லல. மகளும் ஊமைச்சி, ஆத்தாளும் செவிடின்னு ஊர்ல நாலு பேரு பேசுவான்லா?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இவன்னா கண்ணால பாத்துத் தட்டிச் சொல்லுவா. இவ இங்கன வந்துட்டா வாசல்ல யாரு வந்து நிக்கான்னு எனக்குச் சொல்ல ஆளு கிடையாது. அதாம் அனுப்ப மனசு வரல. பிள்ள அழுகுததுன்னு ஒரு சாக்கு."

"லைட்டு வந்துட்டு அத்தே. நீங்க பாக்கலியே தவிர, வந்துட்டு."

"தெரியுது. இவ வந்து நிக்காள்லா, அப்ப வந்துருக்கும். சொன்னா சொன்னதுதான். இங்கனயே இருக்கட்டும்." சுடலைவடிவு மூக்கை உறிஞ்சினாள். "ஏளா, அந்தச் சோப்பு டப்பா எங்க வீட்டு வாசல் மணிக்கும் வேல செய்யுமா?"

"செய்யும். நாளைக்கே வந்து மாட்டித் தாரேன். காது டாக்டருகிட்டயும் ஒரு எட்டுப் போயிட்டு வருவோம்."

குழந்தை அம்மாவின் தோளில் சமாதானமாகி, கதவைத் திறந்துகொண்டு வந்த அப்பாவைப் பார்த்துப் பொக்கைவாயால் சிரித்தது. செந்தூர்பாண்டி அதன் பாதத்தைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அப்போதுதான் செல்வமணிக்கு உறைத்தது.

"அத்தே, அப்ப இந்த அஞ்சு மாசமா சீவலப்பேரில பிள்ள அழுகுதத யாரு கேட்டா?"

சுடலைவடிவு மகளைப் பார்த்தாள்.

"இவதான். தொட்டில் கயித்தக் கால்விரல்ல கட்டிக்கிட்டுல்லா படுப்பா. பிள்ள புரண்டா எந்திரிச்சிருவா. எந்திரிச்சு, என்னையும் அவதான் தட்டி எழுப்புவா."