உள்ளே விட்ட ஒரு இஞ்ச்

வியாழக்கிழமை காலை ஒரு பள்ளிச் சீருடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து மணியைப் பார்த்தேன். பத்தரை. என் வீட்டுக்காரருக்கு மாத்திரை கொடுக்கிற நேரம். "என்னங்க" என்றேன். கட்டிலிலிருந்து பதில் இல்லை. மனுஷன் நன்றாகத் தூங்கட்டுமே என்று இன்னும் நாலு இஞ்ச் தைத்தேன். அந்த நாலு இஞ்சை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

அவர் கேஸ் வெல்டர். நாற்பது வருஷம் பட்டறைப் புகையை இழுத்தவர். அது போதாதென்று சிகரெட் புகை வேறு. நுரையீரல் எத்தனை நாளைக்குத்தான் பொறுக்கும்? போன வருஷம் கட்டிலிலிருந்து குளியலறைக்குப் போய் வருவதற்குள் உதடெல்லாம் மை தடவியதுபோல ஆகிவிடும். அப்புறம்தான் ஆஸ்பத்திரியில் இந்த ஆக்சிஜன் மெஷினைக் கொடுத்தார்கள். துணிப்பெட்டி உயரம் இருக்கும். நாள் முழுக்க உர்ரென்று ஒரு சத்தம், மூக்குக்கு ஒரு மெல்லிய குழாய். அது வந்த நாலாம் நாள் குழாயையும் இழுத்துக்கொண்டு வாசல்வரை நடந்து போய், பேப்பரைத் தண்ணீரில் போட்டதற்காகப் பேப்பர்காரரோடு சண்டை பிடித்தார். அந்தக் குரலைக் கேட்டு எத்தனை மாதம் ஆயிற்று! நான் உள்ளே நின்று அழுதேன். சந்தோஷம்தான்.

வாரம் ஒரு தடவை ஒரு நர்ஸ் வந்து பார்ப்பாள். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்க்க விரலில் கிளிப் மாட்டுவாள், வீட்டிலும் அதில் ஒன்று கொடுத்திருந்தாள். தொண்ணூறு காட்டும்.

"இது போதும்மா. இவருக்கு எம்பத்தெட்டுல இருந்து தொண்ணூத்திரெண்டுக்குள்ள இருந்தாலே சரி. மெஷின் ரெண்டுலயே இருக்கட்டும். திருகைத் தொடாதீங்க."

தலையை ஆட்டினேன். மனசு ஆடவில்லை. எதிர்வீட்டுக்காரருக்குக் காய்ச்சலின்போது தொண்ணூற்றெட்டு இருந்ததாம். என் புருஷனுக்கு மட்டும் என்ன குறைச்சல்? நான் தையல்காரி. யாருக்கும் கச்சிதமாக வெட்டிக் கொடுத்த கை இல்லை இது. நாளைக்கு உடம்பு போட்டால் பிரித்துக்கொள்ளட்டும் என்று எல்லாச் சட்டைக்கும் உள்ளே ஒரு இஞ்ச் விடுவேன். அதே கை ஒருநாள் திருகை நாலுக்குக் கொண்டுபோனது. கிளிப் தொண்ணூற்றேழு காட்டியது. முகம் சிவந்து, குழந்தை மாதிரித் தூங்கினார். பட்ட பாட்டுக்கெல்லாம் சேர்த்துத் தூங்குகிறார் என்று நினைத்தேன். எழுந்ததும் தலைவலி என்பார், தைலம் தேய்த்துவிடுவேன். நர்ஸ் வரும் நாளில் மட்டும் மறுபடி ரெண்டில் வைத்துவிடுவேன். அந்த அளவுக்கு விவரம் இருந்தது எனக்கு.

அந்த வியாழக்கிழமை தோளைத் தொட்டு எழுப்பினேன். பிடித்து உலுக்கினேன். பாதிக் கண் திறந்து, யாரோ வழிப்போக்கரைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். ஏதோ குழறிவிட்டு மறுபடி மூடிக்கொண்டார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனால் பழகின கை ஒன்றை மட்டும் செய்தது. முதலில் திருகை ரெண்டுக்கு இறக்கியது. அதற்கப்புறம்தான் போனை எடுத்தேன்.

"மெஷின் எவ்வளவுல இருக்கும்மா?" என்றாள் நர்ஸ்.

திருகைப் பார்த்தேன். ரெண்டு. சொல்லிவிட்டால் அது பொய்யும் இல்லை. என் கௌரவம் என்னோடு இருக்கும். அவர் அவர்பாட்டுக்குத் தூங்கிக்கொண்டே போய்விடுவார்.

"இப்ப ரெண்டு" என்றேன். "கொஞ்சம் முன்னாடி வரைக்கும் நாலு. நான்தான் ஏத்தி வச்சேன். பத்து நாளாவே."

அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "சரி, சொன்னீங்களே. ரெண்டுலயே இருக்கட்டும், நிறுத்திடாதீங்க. தலகாணி வச்சு நிமித்தி உக்கார வைங்க. ஆம்புலன்ஸ் வரும். அவங்ககிட்டயும் இதையே சொல்லுங்க."

சொன்னேன். ஆம்புலன்ஸ்காரரிடம், டாக்டரிடம், கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். இவர் மாதிரி நுரையீரல் கெட்டுப்போன சிலருக்கு ஆக்சிஜன் கூடிப்போனால் கெட்ட காற்று சரியாக வெளியேறாமல் ரத்தத்திலேயே தங்கி, ஆளை மயக்கத்தில் தள்ளிவிடுமாம். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நானே ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன். மூச்சுக்காற்றும் அதில் சேர்த்தி என்று எனக்கு எங்கே தெரிந்தது?

முகத்தில் மாஸ்க்கைக் கட்டி, ஒரு மெஷின் இரண்டு நாள் அவருக்காக மூச்சைத் தள்ளியது. மூன்றாம் நாள் கண்ணைத் திறந்து, "பேப்பர் வந்துச்சா?" என்றார். உயிர் வந்தது எனக்கு.

வீட்டுக்கு வந்ததும் நர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "பயந்துகிட்டு ஒண்ணுல வச்சிடாதீங்கம்மா. அதுவும் தப்பு. இது இல்லாம அவரால முடியாது." என் புத்தி அந்தப் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது என்று எப்படித்தான் கண்டுபிடித்தாளோ.

அவரிடம் நானே சொன்னேன். மடித்த துணியை மறுபடி மடித்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

"என் சட்டைக்குத்தான் நீ ஒரு இஞ்ச் உள்ள விடுவேன்னு நெனச்சேன்" என்றார். "வெல்டர் பொண்டாட்டி நீ. ஆக்சிஜன் கூடினா இரும்பே எரிஞ்சு போகும்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்."

"நீங்க என்ன இரும்பா?" என்றேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

நேற்று மத்தியானம் குளித்துவிட்டு வந்தவருக்கு மூச்சு இரைத்தது. கிளிப் எண்பத்தெட்டு காட்டியது, நர்ஸ் சொன்ன அளவின் விளிம்பு. தோள் இரண்டும் ஏறி இறங்கின. என் கை தானாக எழுந்து திருகுவரை போய்விட்டது. அவர் பார்த்தார், தடுக்கவில்லை. அதுதான் என்னைத் தடுத்தது. கையை இழுத்துக்கொண்டு, முக்காலியைப் போட்டு அவருக்கு எதிரே முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்தேன். சூடான டீயை ஆற்றுவதுபோல உதட்டைக் குவித்து மெல்ல ஊதச் சொல்லி நர்ஸ் பழக்கியிருந்தாள். நான் ஊதினேன். அவரும் ஊதினார். நான் ஊத, அவர் ஊத, நடுவில் டீயும் இல்லை, தம்ளரும் இல்லை. அவர் மூச்சு மட்டும் என் முகத்தில் வந்து வந்து பட்டுக்கொண்டிருந்தது.