லியோனிலா வீட்டைச் சுற்றிக் காட்டினாள்

இஞ்சித் தேநீர்க் கெண்டியுடன் ரோவெனா படியிறங்கி வந்தபோது, கீழ்த்தளத்தில் இழவுக்குக் கண்விழித்துச் சீட்டாடிக்கொண்டிருந்த ஆண்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெருவிளக்குக் கம்பத்தில் அப்பா அனிசேத்தோவின் பெயர் எழுதிய கறுப்புத் துணி தொங்க ஆரம்பித்து மூன்று நாளாகியிருந்தது. வருகிறவர்கள் யாரென்று யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்காத அலுப்பு வந்திருந்த நேரம். ஆனால் வாசலில் வந்து நின்ற இவளை எல்லோரும் பார்த்தார்கள்.

ஐம்பதைத் தாண்டிய பெண். வெள்ளைச் சட்டை, கறுப்புப் பாவாடை. பாவாடையின் கீழ்விளிம்பு நனைந்திருந்தது. ஏரியின் அக்கரையிலிருந்து படகில் வந்திருக்க வேண்டும். கையில் ஓலையில் சுற்றிய ஒட்டரிசிப் பலகாரக் கட்டு.

"யாரும்மா நீங்க?" என்றாள் ரோவெனா.

"எர்லிந்தா. அனிசேத்தோவை ஒரு தடவை பாத்துட்டு உடனே போயிடறேன்."

ரோவெனா கெண்டியை மேசைமேல் வைத்தாள். இந்த முகத்தை அவள் பார்த்ததில்லை. பெயரைக் கேட்டிருக்கிறாள், ஒரே ஒரு முறை. பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது, மாடியில் பீங்கான் தட்டுகள் உடைந்த அன்று. அதற்குப் பிறகு இந்த வீட்டில் அந்தப் பெயரை யாரும் வாயில் எடுத்ததில்லை.

மாடிப்படியின் உச்சியிலிருந்து சாரிங் அத்தையின் குரல் வந்தது. இறந்துபோனவரின் அக்கா அவள். "அவளேதான்! எவ்வளவு நெஞ்சழுத்தம் பாரு. ரோவெனா, கதவைச் சாத்து."

"இனிமேதான் ஆட்டமே சூடு பிடிக்கும்" என்று சீட்டுக்காரர்களில் ஒருவர் முணுமுணுத்தார். பக்கத்திலிருந்தவர் அவர் விலாவில் இடித்தார்.

"யாரும் கதவைச் சாத்த வேணாம்."

அம்மா, அத்தையைத் தாண்டிக்கொண்டு இறங்கி வந்தாள். கறுப்பு உடை, இறுக முடிந்த கொண்டை, காதில் முத்து. மூன்று நாளாக அவள் அழுததை யாரும் பார்க்கவில்லை. பாதிப் படியில் நின்று, வந்தவளைத் தலையிலிருந்து நனைந்த பாவாடை வரை ஒருமுறை பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க. வாசல்லயே நின்னா எப்படி? மேல வாங்க."

"லியோனிலா, உனக்குப் பைத்தியமா?" என்றாள் அத்தை.

"விருந்தாளி, அண்ணி. வழி விடுங்க."

மாடிப்படி நான்கு பேர் தோளோடு தோள் உரசாமல் ஏறக்கூடிய அகலம். அம்மாவின் அப்பா கட்டிய வீடு. கீழ்த்தளம் கல், மேல்தளம் மரம், சுற்றிலும் சிப்பி பதித்த சன்னல்கள். எர்லிந்தா சுவரை ஒட்டியே ஏறினாள், கைப்பிடியைத் தொடவில்லை.

கூடத்தின் நடுவில் அப்பா சவப்பெட்டியின் கண்ணாடி மூடிக்குக் கீழே படுத்திருந்தார். ஏரிக்கரைச் சந்தையில் வலையும் கயிறும் விற்றே ஆயுளைக் கழித்த மனிதர். கயிறு இழுத்து இழுத்துக் காய்த்துப்போன அவர் விரல்களுக்கிடையில் ஜெபமாலையைக் கோத்திருந்தார்கள். எர்லிந்தா குனிந்தாள். அவளுடைய தோள்கள் அசைய ஆரம்பித்தன.

"கண்ணாடி மேல கண்ணீர் படக் கூடாது!" என்று அத்தை பின்னாலிருந்து சீறினாள். "போற ஆத்மாவை நிம்மதியாப் போக விடு."

எர்லிந்தா பின்வாங்கி, கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பலகாரக் கட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுற்றுமுற்றும் பார்த்தாள். அம்மா அதை வாங்கி ரோவெனாவிடம் கொடுத்தாள்.

"அப்போ நான் கிளம்பறேன்."

"அதுக்குள்ளயா? அவர் வாழ்ந்த வீட்டைப் பாக்க வேணாமா?"

"வேணாங்க. நான்..."

"பாத்துட்டுத்தான் போகணும். ரோவெனா, நீயும் வா."

சாப்பாட்டுக் கூடத்திலிருந்து ஆரம்பித்தாள். பன்னிரண்டு பேர் உட்காரும் நீள மேசை. தலைப்பக்கத்தில் கைவைத்த நாற்காலி. அம்மா அதன் முதுகில் கை வைத்தாள்.

"இது அவர் இடம். சூடாச் சோறு வெச்சா, நான் உக்காராம ஒரு பருக்கை எடுக்க மாட்டார். 'நீ வா லியோனிலா, அப்பறம் சாப்பிடறேன்'பார். எனக்கோ வேலை முடியாது. ஆறிப்போகும். அப்படியே காத்துட்டிருப்பார்."

எர்லிந்தா அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ரோவெனாவும் பார்த்தாள். அதில் அப்பா உட்கார்ந்து அவள் பார்த்தது சின்ன வயதில்தான். அவளுக்கு நன்றாக நினைவு தெரிந்த பிறகு அது தாத்தாவின் படத்தைத் துடைக்க ஏறி நிற்கிற நாற்காலி.

"இல்லையா ரோவெனா?"

"ஆமாம்மா" என்றாள்.

அடுத்தது பின்பக்கத்துத் திறந்த மாடி. கிணற்றுக்கு மேலே, தொட்டிச் செடிகளுக்கு நடுவில் கல் பெஞ்சு. அங்கே உட்கார்ந்து அவரும் தானும் மாலையில் காபி குடிப்பதாகவும், தன் கால் வலிக்கு அவரே எண்ணெய் தேய்த்துவிடுவதாகவும் அம்மா சொன்னாள். குரல் ஒரு இடத்திலும் பிசகவில்லை. பாதிரியாருக்கு வீடு காட்டுகிறவள் போலச் சொல்லிக்கொண்டு போனாள். ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு எர்லிந்தாவின் முகத்தைப் பார்த்தாள், குத்தியது எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்ப்பவளைப் போல.

ரோவெனாவுக்கே வியப்பாக இருந்தது, அடுத்த பொய் தன் வாயிலிருந்து வந்தபோது.

"இந்தப் பெஞ்சுலதான் அப்பா எனக்குக் கணக்குச் சொல்லிக் குடுப்பார்" என்றாள். "நான் சரியாப் போட்டா அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டுவார். மூணு பேரும் இருட்டற வரைக்கும் இங்கதான் இருப்போம்."

அம்மா சட்டென்று திரும்பி அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கிட்டத்தட்ட நன்றி இருந்தது. ரோவெனாவுக்கு அது பிடித்திருந்தது. இந்த நனைந்த பாவாடைக்காரியால்தான் எல்லாம் என்று சின்ன வயதில் தலையணைக்குள் முகம் புதைத்து எத்தனை முறை சபித்திருப்பாள். முகம் தெரியாமல் சபித்தவளை இப்போது பக்கத்தில் வைத்துக் குத்த முடிந்தது.

கடைசியாகப் படுக்கையறை. அம்மா இரண்டு கதவையும் தள்ளித் திறந்தாள். நான்கு தூண் கட்டில். இழவுக்காகத் துணி போட்டு மூடிய நிலைக்கண்ணாடி. பக்கவாட்டில் அலமாரி. அதையும் திறந்தாள். அம்மாவின் உடைகளுக்குப் பக்கத்தில் அப்பாவின் சட்டைகள் வரிசையாகத் தொங்கின.

அவர் இறந்த அன்று, சேதி கேட்டு மணிலாவிலிருந்து ரோவெனா வந்து சேர்ந்தபோது, அந்தச் சட்டைகள் கீழே ஆணிகளில் இருந்தன. உடுத்திவிட நல்ல சட்டையைத் தேடி எடுத்தவளே அவள்தான். உறவுக்காரர்கள் கண்ணில் படக் கூடாதென்று அம்மா எப்போதோ தனியாகத் தூக்கி வந்து மாட்டியிருக்கிறாள்.

"வலது பக்கம் என்னோடது. சன்னல் பக்கம் அவரோடது" என்றாள் அம்மா. "தூக்கத்துலகூட என் கையை விட மாட்டார். வயசான காலத்துல என்ன இதுன்னு நான்தான் கோவிச்சுக்குவேன். உங்களை விட்டுட்டு வந்த மறுநாள்லேருந்து கடைசி ராத்திரி வரைக்கும் இந்தக் கட்டில்தான்."

எர்லிந்தா கட்டில் தூணைப் பிடித்துக்கொண்டாள். அப்படியே தரையில் உட்கார்ந்தாள். கைக்குட்டையை மறந்து வாய்விட்டு அழுதாள்.

அம்மா நிமிர்ந்து நின்றாள். வேண்டியது கிடைத்துவிட்டது. கன்னத்தில் லேசாகச் சிவப்புக்கூட ஏறியிருந்தது.

"கடவுளே, உனக்கு நன்றி" என்றாள் எர்லிந்தா.

"என்ன?"

"அவர் என்னை விட்டுட்டுப் போறப்போ, 'வீட்டுக்குப் போறேன், அவ என்னை ஏத்துக்குவாளான்னு தெரியல'ன்னு சொல்லிட்டுப் போனார். அதோட சரி. அதுக்கப்பறம் ஒரு சேதி கிடையாது. ஒரு நல்ல குடும்பத்தைக் குலைச்சுட்டேனேன்னு தினம் நினைச்சு நினைச்சு... பாவசங்கீர்த்தனம் பண்ணப் போனா இதைத்தான் சொல்லுவேன். சாமியாரே 'போதும், மன்னிச்சாச்சு, எழுந்து போ'ன்னு அலுத்துக்குவார். எனக்குத்தான் மனசு ஆறல." அவள் அம்மாவின் கையைப் பற்றி, பெரியவர்களின் கையை ஒற்றிக்கொள்வதுபோலத் தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். "நீங்க ஏத்துக்கிட்டீங்க. அவர் சந்தோஷமா இருந்திருக்கார். இனிமே நான் நிம்மதியாத் தூங்குவேன் அக்கா. நீங்க நல்லா இருக்கணும்."

கூடத்தில் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. ஜெபத்துக்கு ஆட்கள் சேர ஆரம்பித்திருந்தார்கள்.

அம்மாவின் கை எர்லிந்தாவின் நெற்றியிலேயே இருந்தது. கன்னத்துச் சிவப்பு வடிந்துவிட்டது. இப்போது பேசாமல் இருந்தால் போதும், இவள் போய்விடுவாள் என்று ரோவெனா நினைத்தாள். அக்கரைக்குப் போய்ப் படுத்து உறங்கிவிடுவாள். எல்லாம் முடிந்துவிடும்.

அம்மா கையை உருவிக்கொண்டாள்.

"எழுந்திரு" என்றாள். "இன்னும் ஒரு ரூம் இருக்கு."

"அம்மா, வேணாம்" என்றாள் ரோவெனா.

அம்மா காதில் வாங்காமல் நடந்தாள். சமையலறை வழியாகப் பின்பக்கப் படிக்கட்டு. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் திரும்பிப் போக வேண்டிய படிக்கட்டு. கீழே நெல் மூட்டைகள் அடுக்கிய இருட்டுக்குள் புகுந்து, மூலையிலிருந்த பலகைக் கதவின் கொக்கியைத் தள்ளினாள்.

ஒற்றை இரும்புக் கட்டில். சுருட்டிய கொசுவலை. சுவரில் வரிசையாக வெறும் ஆணிகள். ஒரு மூலையில் தார் வாசனையோடு கயிற்றுச் சுருள்கள். கல் சுவரின் ஈரம் பட்டு, தலைமாட்டுப் பக்கம் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது.

"பாரு. நல்லாப் பாரு" என்றாள் அம்மா. "மேல சொன்னதெல்லாம் பொய். அவர் திரும்பி வந்த அன்னிக்கு இதுக்குள்ளதான் போனார். அன்னிலேருந்து இதுதான். ஞாயித்துக்கிழமை பூசைக்கு மட்டும் ஊருக்காக என்கூட நடந்து வருவார். சாப்பாட்டைக் கதவுக்கு வெளிய வெச்சுடுவேன். ராத்திரி வெச்ச தட்டு காலைல அப்படியே இருந்துது. அதை வெச்சுத்தான் செத்துட்டார்னே தெரிஞ்சுது. போதுமா? இப்போ போய்த் தூங்கு."

எர்லிந்தா வாசற்படியிலேயே நின்றாள். உள்ளே வரவில்லை. அழுகை நின்றுவிட்டது. கட்டிலையும் ஆணிகளையும் தரையையும் மெதுவாகப் பார்த்தாள்.

"என்னாலயா?" என்றாள்.

"வேற யாரால?"

"திரும்பி வந்தாரே." குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ள விரும்புகிறவளைப் போலத்தான் கேட்டாள். "மேல வரட்டுமான்னு ஒரு தடவைகூட உங்களைக் கேக்கலையா?"

அம்மா கொக்கியைப் பிடித்திருந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துதான் ரோவெனா கணக்குப் போட்டாள். மணிலாவில் வேலை கிடைத்துப் போன பிறகு, விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அதே விளிம்பில் உட்கார்ந்துதான் பேசினாள். ஒவ்வொரு கிறிஸ்துமஸ் இரவிலும், நடுநிசிப் பூசை முடிந்து வந்ததும், பின்படிக்கட்டின் அடியில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்று அப்பா மேலே பார்த்து, "லியோனிலா, மேல வரட்டுமா?" என்பார். மேலே சமையலறையில் பாத்திரங்களின் சத்தம் ஒரு கணம் நிற்கும். பிறகு தொடரும். அவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "சரி, ரோவெனா, நீ போய்ச் சாப்பிடு" என்பார். அவளும் போய்ச் சாப்பிடுவாள்.

"கேட்டார்" என்றாள் ரோவெனா. "வருஷா வருஷம் கேட்டார்."

அம்மா திரும்பினாள். முகத்தில் ஒன்றுமே இல்லை. துணி போட்டு மூடியதுபோல இருந்தது. ரோவெனா பார்வையை விலக்கிக்கொள்ளவில்லை.

எர்லிந்தா தலையை ஆட்டிக்கொண்டாள். கைக்குட்டையை நான்காக மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, மூட்டைகளுக்கு இடையில் வழி பார்த்து நடந்து, சீட்டுக்காரர்களைத் தாண்டி வெளியேறினாள். இழவு வீட்டிலிருந்து போகிறவரை வாசல்வரை கொண்டுபோய் விடும் வழக்கம் இல்லை. யாரும் எழுந்திருக்கவில்லை.

மேலே ஜெபம் தொடங்கியது. பெண்களின் குரல் பலகைத் தரை வழியாக இறங்கி வந்தது. ரோவெனா முன்பக்கப் படியேறிப் போய், பின்வரிசையில் உட்கார்ந்து, மற்றவர்களோடு சேர்ந்து வாயசைத்தாள். அப்பாவின் தலைமாட்டில் போட்டிருந்த முதல் நாற்காலி காலியாகவே கிடந்தது. ஜெபமாலையின் இரண்டாவது பத்து மணிகளை உருட்டி முடிப்பதற்குள் சாரிங் அத்தை மூன்று முறை திரும்பிப் பார்த்துவிட்டாள்.

"உன் அம்மா எங்கடி? ஊரே வந்து உக்காந்திருக்கு."

இருவரும் பின்படிக்கட்டில் இறங்கினார்கள். பாதியிலேயே அந்தச் சத்தம் கேட்டது. ஈர்க்குச்சித் துடைப்பத்தின் சத்தம்.

கொசுவலையும் போர்வையும் வெளியே கிடந்தன. அம்மா இரும்புக் கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளி நகர்த்தியிருந்தாள். கொண்டை அவிழ்ந்து ஒரு பக்கம் தொங்கியது. முத்துத் தோட்டோடும் கறுப்பு உடையோடும் குனிந்து, சுவரோரத்துச் சுண்ணாம்புத் தூளையும் கயிற்று நார்களையும் கூட்டிக்கொண்டிருந்தாள்.

அத்தை நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். "ஐயோ லியோனிலா, நிறுத்து! பொணம் இன்னும் மாடில இருக்கு. அடக்கம் ஆகறதுக்கு முன்னாடி வீட்டைப் பெருக்கினா அடுத்த சாவு விழும்னு தெரியாதா உனக்கு?"

"தெரியும் அண்ணி" என்றாள் அம்மா.

நிமிரவில்லை. கட்டிலுக்கு அடியில் துடைப்பத்தை முடிந்தவரை நீட்டி, அங்கே கிடந்த தூசியையும் இழுத்துக் குப்பையோடு சேர்த்தாள். பிறகு எல்லாவற்றையும் கதவை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டு வந்தாள்.