பதிவு காலாவதியான குரல்

செவித்திறன் துறைப் பேராசிரியையின் தொழில் பதிவு காலாவதியான காலையில், அவருடைய குரல் நன்றாகக் காது கேட்கிறவர்களுக்குக் கேட்காமல் போயிற்று. காது மந்தமானவர்களுக்கு மட்டும் கேட்டது. அன்றைய முதல் வகுப்பு நடுக்காது எலும்புகளைப் பற்றியது. மேடம் வந்தார், வாயைத் திறந்தார், வழக்கம்போலக் கையை ஆட்டி ஆட்டிப் பலகையில் படம் போட்டார். மின்விசிறிச் சத்தத்தைத் தவிர வகுப்பில் எதுவும் கேட்கவில்லை. முதுகுக்குப் பின்னால் அவருக்கு டெசிபல் மேடம் என்று பெயர். கடைசி பெஞ்சில் தூங்குகிறவனை மைக் இல்லாமல் எழுப்பிவிடும் தொண்டை அது. அப்பேர்ப்பட்டவர் சத்தமில்லாமல் பேசவும், காது கேளாதவர்களின் அவஸ்தையை நமக்கு உணர்த்துகிறார் போலிருக்கிறது என்று நினைத்து மாணவர்கள் அதையும் குறிப்பெடுத்துக்கொண்டார்கள்.

ஜன்னலோரத்து மாணவிக்கு இடது காது பிறவியிலேயே கேட்காது. அந்தக் காதில் மட்டும் பாடம் மணிமணியாக விழுந்தது. எந்நேரமும் ஹெட்போனோடு திரிந்த ஒருவனுக்கு ஸகரமும் ஷகரமும் மட்டும், டயரில் காற்று இறங்குவதைப் போலக் கேட்டன. அவனைச் சோதனை அறையில் உட்கார வைத்துப் பார்த்ததில், அந்த ஒலிகள் இருக்கும் இடத்தில்தான் அவன் காது பழுதாகியிருந்தது. ஆக, எந்தக் காது எதை இழந்திருந்ததோ அதை மட்டும் மேடத்தின் குரல் கொண்டுவந்து கொடுத்தது. ஒலியளவு காட்டும் கருவியை அவர் வாய்க்கு எதிரே பிடித்தார்கள், முள் அசையவில்லை. துறையில் யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. இரண்டு ஆசிரியர்கள் மட்டும் இதைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுத ஆரம்பித்து, யார் பெயர் முதலில் வருவது என்று சண்டை போட்டுப் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டார்கள்.

பதிவு போனது யாருடைய சதியும் இல்லை. பாடம் நடத்துகிறவர்களுக்குத் தொழில் பதிவு வேண்டுமா, வேண்டாமா என்பது ஆசிரியர் அறையில் நெடுநாளாக நடந்துவந்த வழக்கு. பேச்சுப் பயிற்சிப் பிரிவின் ஆசிரியை வேண்டும் என்ற கட்சி. மேடம் வேண்டாம் என்ற கட்சி. "நான் வாத்தியார். பேஷண்ட் பாக்கறவங்களுக்குத்தான் அதெல்லாம். பாடம் சொல்ல எதுக்குப் பதிவு?" என்பார். இப்படிச் சொல்லிவிட்டு நேரே பயிற்சி கிளினிக்குக்குப் போவார். அங்கே கண்ணாடிக்குப் பின்னால் நின்று மாணவர்கள் சோதனை செய்வதைப் பார்ப்பார். சிவப்பு ஹெட்போனை வலது காதுக்குப் பதில் இடது காதில் மாட்டிவிட்டால் உள்ளே ஓடிப்போய் மாற்றுவார். அவர்கள் எழுதும் முடிவை அடித்துத் திருத்தி, எந்தக் கருவி பொருந்தும் என்றும் சொல்வார். இதற்குப் பெயர் தொழில் இல்லாமல் வேறென்னவாம்? தொழில் பதிவு கொடுக்கும் கவுன்சிலின் விதியும் அதையேதான் கேட்டது. நினைவூட்டல்கள் மின்னஞ்சலில் வந்து, கருத்தரங்கு அழைப்புகளுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டன.

அன்றைக்கே விண்ணப்பித்திருந்தால் விஷயம் அதோடு தீர்ந்திருக்கும். விண்ணப்பத்தில் பாதியை நிரப்பியும் விட்டார். மீதியை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பினார். வீட்டில் அப்பா இருந்தார். அச்சகத்து இயந்திரங்களுக்கு நடுவே ஆயுளைக் கழித்துக் காதைப் பறிகொடுத்தவர். மகள் ஊருக்கெல்லாம் காதுக்கருவி மாட்டினாள், பெற்ற அப்பா மட்டும் பிடிகொடுக்கவில்லை. "நானா செவிடு? நீங்கதான் வாய்க்குள்ளயே பேசறீங்க" என்று ஒரே போடு. அவருக்காகக் கத்திக் கத்தித்தான் மகள் டெசிபல் ஆனாள் என்று சொல்கிறவர்களும் உண்டு. அன்று சாயங்காலம் கூடத்து மேஜையில் மாத்திரை ஒன்று கிடப்பதைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கும் போடலையா இந்த மனுஷன்" என்று மேடம் தனக்குத்தானே முணுமுணுத்தார்.

"போட்டாச்சு போட்டாச்சு. அது நேத்து உள்ளது" என்று உள் அறையிலிருந்து பதில் வந்தது. பதிலுக்குப் பின்னாலேயே அப்பாவும் வந்தார். "யாரு இப்போ பேசினது?"

"நான்தாம்பா."

கிழவர் நாற்காலியை இழுத்துப் போட்டு மகளுக்கு எதிரே உட்கார்ந்தார். "உங்கம்மா குரல்மா இது" என்றார். மகளின் குரல் என்று அவர் மனதில் தங்கியிருந்தது ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் கீச்சுக் குரல்தான். அது எப்போது வளர்ந்தது, எப்போது போய்ச் சேர்ந்த மனைவியின் குரலாக மாறியது என்பதெல்லாம் அவருக்குத் தெரியாமலேயே நடந்திருந்தது. அப்பாவும் மகளும் அழுதார்கள். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது, யாராக இருந்தாலும் அழுவார்கள்.

பாதி நிரம்பிய விண்ணப்பம் பாதியிலேயே நின்றது. சாயங்காலமானால் மேடம் செருப்பைக் கழற்றியதும் கழற்றாததுமாகப் பேச ஆரம்பிப்பார். அப்பா பல வருஷமாகக் கேட்க நினைத்து விட்டுப்போனதையெல்லாம் கேட்டார். அத்தை ஏன் கோபித்துக்கொண்டு போனாள், மகளின் கல்யாணத்தில் எல்லோரும் எதற்கு அப்படிச் சிரித்தார்கள், கடைசி நாட்களில் அம்மா என்ன சொன்னாள். மேடம் ஒவ்வொன்றாகச் சொன்னார். விஷயம் பரவி, அக்கம்பக்கத்துக் காது மந்தமானவர்கள் ஆளுக்கொரு நாற்காலியோடு வந்து உட்கார்ந்தார்கள். பேச்சு ஒன்றும் பிரமாதமில்லை, காய்கறி விலையும் துறைத்தலைவரின் அல்பத்தனமும்தான். அவர்களுக்கு அதுவே கச்சேரி. மேடத்தின் கணவருக்குக் காது கூர்மை, ஒரு சொல்லும் கேட்காது. அந்த மாதங்களில் அவர் சதை போட்டு, முகத்தில் ஒரு களை வந்ததாகப் பேச்சு. அவர் இதை மறுத்திருக்கிறார்.

கஷ்டம் மாணவர்களுக்குத்தான். பதிவில்லாதவர் கண்காணித்த கிளினிக் நேரம் கணக்கில் சேராது. நேரம் சேராவிட்டால் கடைசி வருஷப் பிள்ளைகளுக்குப் பட்டம் இல்லை, பட்டம் இல்லாவிட்டால் அவர்களுக்கும் பதிவு இல்லை. பதில் காதில் விழக்கூடியவள் என்பதால் ஜன்னலோரத்து மாணவியைத் தூது அனுப்பினார்கள். "மேடம், நாங்க பாக்கற பேஷண்ட் எல்லாம் வீணாப் போகுது மேடம். எப்ப ரினியூ பண்ணுவீங்க?" என்று அவள் கேட்டுவிட்டு இடது காதைக் காட்டிக்கொண்டு நின்றாள். அடுத்த வாரம் என்றார் மேடம். அடுத்த வாரமும் அதையே சொன்னார். அவருக்கு உறுத்தாமல் இல்லை. பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தால் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று இருக்கும், வீட்டுக்கு வந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தால் பேனாவைத் தொட மனம் வராது.

கடைசியில் கவுன்சிலின் பதிவாளரே நேரில் வந்துவிட்டார். எதையும் எழுத்தில் கொடுங்கள் என்று கறாராகச் சொல்கிற மனிதர். அவரைக் கண்டால் மாநிலத்து நிபுணர்களுக்கெல்லாம் கிலி. துறைத்தலைவர் அறையில் எல்லோரும் கூடியிருக்க, அவர் விதிகளை வாசித்துக்கொண்டே போனார். நம் குரல் யாருக்குக் கேட்கப்போகிறது என்ற தைரியத்தில் மேடம், "சட்டைப் பொத்தானை மாத்திப் போட்டுட்டு வந்து சட்டம் பேசறாரு பாரு" என்றார். பதிவாளர் வாசிப்பதை நிறுத்தி, குனிந்து பார்த்து, பொத்தான்களைக் கழற்றிச் சரியாகப் போட்டுக்கொண்டார். நிமிர்ந்தபோது அறை முழுக்க அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. காதுகளை ஆளுகிற கவுன்சிலின் பதிவாளர், தன் காது போனதைத் தலையாட்டியே பல வருஷம் மறைத்து வந்திருக்கிறார். எல்லாமே எழுத்தில் வேண்டும் என்ற விதி பிறந்த கதையும் அப்போதுதான் புரிந்தது.

"சரி, நடந்தது நடந்துபோச்சு" என்று பதிவாளர் சிரித்துவிட்டார். ரகசியம் போனதில் அவருக்குப் பெரிய நிம்மதி. அன்று சாயங்காலம் அவரும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து மேடத்தின் பேச்சைக் கேட்டார். கிளம்பும்போது, "ஒரு கையெழுத்துதான் வேணும், அந்தப் பிள்ளைங்க பிழைச்சுக்கும். அப்பாகிட்ட சொல்லுங்க, அவர் சொன்னா கேப்பீங்க" என்றார். அப்பாவுக்குப் பதிவாளரின் குரல் கேட்காது. அவரை எட்டக்கூடிய குரல் அந்த வீட்டில் ஒன்றுதான் இருந்தது. "என்னம்மா சொல்றார்?" என்று அப்பா கேட்டார். மேடம் எதையாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். மழுப்பவில்லை, பிள்ளைகளின் நேரத்தையும் மேஜையில் கிடக்கும் விண்ணப்பத்தையும் பற்றி ஒன்றுவிடாமல் சொன்னார்.

"எனக்காகவா போடாம வெச்சிருக்கே?"

"ஆமாம்பா."

அப்பா விண்ணப்பத்தை எடுத்து மகள் பக்கம் நகர்த்தினார். "நாளைக்குப் போட்டுடு" என்றார். பிறகு, "நாளைக்குத்தானே, இப்போ பேசு" என்றார்.

விண்ணப்பம் ஏற்கப்பட்ட அன்று குரல் பாடத்தின் நடுவே, ஒரு வாக்கியத்தின் பாதியில் திரும்பி வந்தது. கடைசி பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவன் எழுந்தான். ஜன்னலோரத்து மாணவி பழக்கதோஷத்தில் காட்டிக்கொண்டிருந்த இடது காதை மாற்றிக்கொண்டாள். வீட்டில் அப்பா மகளின் வாயையே பார்த்தபடி சாப்பிட்டார். மகள் கத்தினாள், அவர் தலையாட்டினார். நாற்காலிகள் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டன. இரண்டு பேருக்கும் வீடு பெரிதாகிவிட்டது.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் பயிற்சி கிளினிக்கின் வரிசையில், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு அப்பா உட்கார்ந்திருந்தார். மேடத்திடம் ஒன்றும் சொல்லவில்லை, அவர் பக்கம் திரும்பவும் இல்லை. முறை வந்ததும் உள்ளே போனார். என்ன பிரச்சினை என்று சோதனை செய்கிற மாணவி எழுதிக் காட்டிக் கேட்டாள். "எனக்குக் காது கேக்கலைம்மா" என்றார். காது போனதிலிருந்து அந்த வார்த்தை அவர் வாயில் வந்ததில்லை. கண்ணாடிக்குப் பின்னால் நின்றிருந்த மேடத்துக்கும் அது கேட்டது. சோதனையின் கடைசிக் கட்டம், சொல்லும் வார்த்தையைக் கேட்டு அப்படியே திருப்பிச் சொல்வது. மாணவி சொன்னது அவருக்குப் பிடிபடவில்லை. நீங்களே சொல்லிப் பாருங்கள் என்று அவள் மைக்கை மேடத்திடம் தள்ளி, ஒலியை ஏறக்குறைய உச்சத்துக்கு ஏற்றினாள். மேடம் "கதவு" என்றார். அப்பா "கதவு" என்றார். "பால்" என்றதற்கு "பால்" என்றார். "மரம்" என்றதற்கு, "அழாம சொல்லும்மா, வார்த்தை உடையுது" என்றார். மாணவி அந்தப் பதிலைச் சரி என்று குறித்துக்கொண்டாள்.