வாயில் இருக்கும் வரை

புதுச்சேரித் துறைமுக மதிப்பீட்டு அலுவலகத்தில் ஒயினை வாயில் வைத்தவர்கள், அது விளைந்த நாட்டுக்குப் போய்விடுவார்கள். அங்கே துப்பினால் திரும்பலாம். விழுங்கினால் அங்கேயே இருந்துவிட வேண்டியதுதான். நல்ல ஒயினைத் துப்ப யாருக்கும் மனம் வராது. அதனால், திரும்பி வர எத்தனை விநாடி ஆகிறதோ அதுவே அந்த ஒயினின் தரம்.

சுவை பார்ப்பவள் ஜெர்மேன். ஸ்டாப்வாட்ச் பிடிப்பவன் அவள் கணவன் லூயி பிரகாசம். அவளுக்கு முன்பு அந்த வேலையில் இருந்த சவரிநாதன் போர்த்துகலில் விழுங்கிவிட்டார். சம்பளம் அங்கேதான் போகிறது.

அன்று முதலில் பிரான்சு. நாற்பது விநாடியில் வந்துவிட்டாள்.

“எப்படி?” என்றார் அதிகாரி வைத்தியலிங்கம்.

“நல்லாத்தான் இருக்கு சார். ஆனா பாதி விலை பேருக்குத்தான்.”

அடுத்தது சிலி. எழுபதாவது விநாடியில் தலை நனைந்து வந்தாள். “கொடுக்கிற காசுக்குத் தாராளம்,” என்றாள். பிரகாசம் துண்டை நீட்டினான்.

மூன்றாவது ஜார்ஜியா. இருப்பதிலேயே விலை குறைந்தது. ஜெர்மேன் கோப்பையை முகர்ந்தாள். வழக்கமாக அவனை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் குடிப்பாள். இம்முறை பார்க்கவில்லை.

நாற்காலி காலியானது. நூறு. நூற்றைம்பது. சவரிநாதன் விஷயத்தில் இருநூறு வரை காத்திருந்துவிட்டுத்தான் பதிவேட்டை மூடினார்கள்.

“கூப்பிட்டுப் பார்க்கட்டுமா சார்?”

“கேட்காது பிரகாசம்.” வைத்தியலிங்கம் வெளிநாட்டுச் சம்பளப் படிவத்தை எடுத்துப் பேனாவைத் திறந்தார்.

இருநூற்று நாற்பதில், அவள் கோப்பையில் மீந்திருந்ததைப் பிரகாசம் வாயில் ஊற்றிக்கொண்டான்.

மலைச்சரிவில் திராட்சைக் கொடிகள். ஒரு கல்லின்மேல் கன்னங்கள் உப்ப உட்கார்ந்திருந்தாள் ஜெர்மேன். இருவராலும் பேச முடியவில்லை. அவன் ஸ்டாப்வாட்ச்சைக் காட்டினான். அவள் சரிவின் கீழே கதவு திறந்து கிடந்த ஒரு வீட்டைக் காட்டினாள். பிறகு தன்னையும் அவனையும் சுட்டினாள்.

ஒயின் அவன் நாக்கில் சூடேறித் தொண்டைப் பக்கம் நகர்ந்தது. கண்ணை மூடினால் விழுங்கிவிடுவான் என்று தோன்றியது. அவள் மணிக்கட்டைப் பிடித்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினான். அவள் அவனையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு குனிந்து, கொடியின் வேரில் துப்பினாள்.

அவன் பிடியில் இப்போது யாருடைய கையும் இல்லை. அந்த வீட்டை இன்னொருமுறை பார்த்துவிட்டுத் துப்பினான்.

“முன்னூற்றுப் பன்னிரண்டு,” என்றார் வைத்தியலிங்கம், திரும்பி வந்தவன் கையிலிருந்த ஸ்டாப்வாட்ச்சைப் பார்த்து. “ரெண்டு வாய். ரெண்டால வகுத்தா நூற்றைம்பத்தாறு. அப்பவும் இதுதான் முதல்.” படிவத்தைத் திரும்ப உள்ளே வைத்தார்.

ஜெர்மேன் வாய் கொப்பளித்துவிட்டு வந்து, தாழ்ந்த குரலில் சொன்னாள். “நீங்க எனக்குப் பின்னாடி மூணு விநாடி கழிச்சுத்தான் வந்தீங்க.”

“ஆமா.”

அவள் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

“உள்ளூர்ச் சரக்கு ஒண்ணு பாக்கி,” என்று வைத்தியலிங்கம் ஒரு பாட்டிலை நகர்த்தினார். புதுச்சேரியில் விளைந்தது. ஜெர்மேன் அவனைப் பார்த்துவிட்டு ஒரு வாய் எடுத்தாள். போக வேண்டிய ஊர் இதுவே என்பதால் நாற்காலியிலேயே இருந்தாள். அவளுக்குப் பதிலாக, ஜன்னலுக்கு வெளியே கடல் போய்விட்டிருந்தது. கப்பல்கள் மணலில் சாய்ந்து நின்றன.

பிரகாசம் ஸ்டாப்வாட்ச்சை அழுத்தினான்.