மல்பெயில் ஒரு நண்பகல்

டிசம்பர் இருபத்திரண்டாம் தேதி சுனந்தா கர்கேரா வெள்ளை பெயின்ட் டப்பாவோடு எங்கள் படகுப் பட்டறைக்கு வந்தாள். பரோடாவில் ஓவியம் படித்தவள். முன்பு ஒரு கடிகாரம் செய்திருந்தாள். கடல் ஏறி வற்றுகிற கணக்கில் ஓடி, தினமும் ஐம்பது நிமிஷம் பிந்தும். மல்பெயில் எல்லோரும் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். மீனவர்கள் மட்டும் சிரிக்கவில்லை.

அப்போது வாமன திங்களாயருடைய விசைப்படகுக்கு விலாச் சட்டங்கள் மட்டுமே நிறுத்தியிருந்தோம். உச்சிவெயிலில் அதன் நிழல் வடக்கே சிமென்ட் தரையில் விழும். அந்த ஓரத்தை ஒரே கோடாக வரைந்துவிட்டுப் போனாள். மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும்.

பிப்ரவரியில் கால் மணி நேரம் தாமதமாக வர ஆரம்பித்தாள்.

"என்னக்கா, லேட்டு?" என்றேன்.

"நான் எங்க லேட்டு, பூவண்ணா? சூரியன்தான் இப்ப லேட்டா உச்சிக்கு வருது."

எனக்கு நம்பிக்கையில்லை. சாப்பாட்டு நேரத்தில் ஒரு ஆணியை நட்டு, அதன் நிழல் எப்போது மிகக் குறுகுகிறது என்று பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். அதற்குப் பிறகு அவளுக்குக் காய்ச்சல் கண்ட இரண்டு நாளும் கோடு போட்டது நான்தான். என் கோடு கொஞ்சம் நடுங்கியிருக்கும்.

நாங்கள் பலகை ஏற்ற ஏற்றப் படகு உயர்ந்தது. சூரியனும் தலைக்கு மேலே ஏறிக்கொண்டே வந்ததால் நிழல் மட்டும் படகை நோக்கிச் சுருங்கியது. ஏப்ரல் இருபத்துநாலாம் தேதி பன்னிரண்டு இருபத்தொன்பதுக்கு நிழல் வெளியே நீளாமல் படகுக்கு அடியிலேயே அடங்கிவிடும் என்றாள். அன்றோடு அவள் வேலை முடியும்.

ஏப்ரல் பத்தாம் தேதி வாமனர் வந்து, "இருபத்துநாலாம் தேதி உச்சிவேளையில அபிஜித் முகூர்த்தம். பன்னிரண்டே காலுக்குப் படகு தண்ணியில இருக்கணும்" என்றார்.

சுனந்தா பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். "வாமனண்ணா, ஒரு கால் மணி நேரம் தள்ளி வைக்கக் கூடாதா?"

"உன் கோட்டுக்காக என் முகூர்த்தத்தத் தள்ளணுமா? நல்லாயிருக்கு மாராயரே!" என்று ஊர் வழக்கில் சலித்துக்கொண்டார்.

அவர் மனைவி கிரிஜக்கா காரிலிருந்து இறங்காமலே கேட்டாள்: "அபிஜித் எத்தன மணி வரைக்கும்?"

"பன்னிரண்டு அம்பத்திமூணு."

"அப்புறமென்ன? கல்யாணத்துக்கே ஒன்றரை மணி நேரம் லேட்டா வந்த ஆளு நீங்க."

நாங்கள் சிரித்துவிட்டோம். வாமனரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சரி, அந்த ஒரு நிமிஷம் நிறுத்தறேன். ஆனா கிரேன் தூக்கறத முன்னாடியே ஆரம்பிச்சுடுவேன்" என்றார்.

இருபத்துநாலாம் தேதி பன்னிரண்டு இருபதுக்குப் பட்டைகளைக் கட்டிக் கிரேன் படகைத் தூக்கியது. ஆள் உயரத்துக்கு எழுந்து, மணி பன்னிரண்டு இருபத்தொன்பது ஆனதும் வாமனர் கை காட்டினார். கிரேன் நின்றது. படகு அந்தரத்தில் லேசாக ஆடி அடங்கியது. நேர் கீழே, அதே அளவில், அதன் நிழல்.

சுனந்தா பிரஷ்ஷோடு ஓடினாள். வாமனர் குறுக்கே நின்று கையைப் பிடித்தார்.

"பட்டை அறுந்தா என்னாகும்? போகக் கூடாது, தங்கச்சி."

"ஒரே ஒரு கோடுண்ணா!"

"உசுருக்கு மேலயா கோடு?"

அவள் கண் கலங்கியதைப் பார்த்தேன். நூற்றிருபத்தோரு கோடு போட்டவள். பிறகு முகூர்த்தத்துக்கு வந்த கூட்டமே தரையைக் குனிந்து பார்ப்பது அவள் கண்ணில் பட்டது. பூஜைக்கு வந்த பூசாரி தன் காலைத் தூக்கித் தூக்கி நிழலைத் தேடினார். கிரிஜக்கா குடையை மடக்கி நட்டமாக நிறுத்திப் பார்த்து, "அய்யோ, ஒண்ணுமே விழல!" என்று கத்தினாள். வாமனர் சுனந்தாவின் கையை விடாமலே தன் காலடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தன வருஷமா இது நடந்துட்டேவா இருக்கு?"

"வருஷத்துக்கு ரெண்டு தடவண்ணா. ஆகஸ்ட்ல வர்றத மேகம் மறைச்சுடும்."

"யாரும் சொல்லலியே" என்றார், ஏதோ குறைப்பட்டுக்கொள்வதுபோல. கிரேன்காரன் ஹாரன் அடித்த பிறகுதான் அவருக்கு முகூர்த்தம் நினைவு வந்தது. பன்னிரண்டு நாற்பதுக்குப் படகு தண்ணீரைத் தொட்டது.

"கடைசிக் கோடு போச்சேக்கா" என்றேன்.

"அந்த இடத்த அப்படியே விட்டுடுங்கண்ணா. அது காலியா இருக்கறதுதான் எனக்குப் புடிச்சிருக்கு" என்று பிரஷ்ஷை நான் கை துடைக்கும் கந்தல் துணியில் துடைத்தாள்.

முதல் ஓட்டத்துக்கு எங்கள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டார்கள். முகத்துவாரத்தைத் தாண்டும்போது சுனந்தா மேல்தளத்தில் கால் நீட்டி உட்கார்ந்து, அவலும் வெல்லமும் தேங்காயும் கலந்த பிரசாதத்தைக் கிரிஜக்காவிடம் இரண்டாம் தடவை கேட்டு வாங்கித் தின்றுகொண்டிருந்தாள்.